முப்பத்தோராம் அறையில் பேச்சு விலக்கு

நடந்தது. 1924, நவம்பர் மாதம், மைசூரில். நம்ப முடியாதவர்கள் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. மற்ற விஷயங்களில் நான் ஒன்றைப் பத்தாக்குகிறவன் என்று சிநேகிதர்கள் சொல்வார்கள். இதில் பத்தை ஒன்றாக்கித்தான் சொல்கிறேன்.

தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டு சந்து தள்ளி எங்கள் மாணவர் விடுதி. நான் கொள்ளேகாலத்துக்கு அப்பால் ஹனூர்ப் பக்கத்துக்காரன், பி.ஏ. கடைசி வருஷம். விடுதியில் அறுபத்திரண்டு பேர். அந்தக் காலத்தில் ஊரில் பிரஜா பிரதிநிதி சபை கூடினால் எங்கள் பையன்களுக்கும் கை அரிக்கும். ஆகவே விடுதிக்கும் ஒரு சபை. ஒரு தலைவர், இரண்டு காரியதரிசிகள், ஒரு நீதிக் கமிட்டி, நாற்பத்தாறு விதிகள். சாதத்தில் சாருக்கு, அதாவது ரசத்துக்கு, முன் நெய்யா, பின் நெய்யா என்று மூன்று மாலை விவாதம் நடந்தது. திருத்தத்துக்குத் திருத்தம் வந்தது. அதற்குள் நெய் தீர்ந்துவிட்டதால் தீர்மானம் கைவிடப்பட்டது. வார்டன் சாயங்காலமானால் கிளப்புக்குப் போய்விடுவார். பையன்களே தங்களை ஆண்டுகொள்வதில் அவருக்குப் பரம நிம்மதி.

தலைவர் நஞ்சுண்டசாமிக்கு இருபத்தொரு வயது. குளிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஜரிகைப் பேட்டாத் தலைப்பாகை கட்டியிருப்பான். ஒருநாள் அறிவிப்புப் பலகையில் நான் ஒரு சீட்டு ஒட்டினேன்: "காணவில்லை. பேட்டாவுக்குள் இருந்த தலை. கண்டெடுத்தவர்கள் சபையில் ஒப்படைக்கவும்."

விடுதியே சிரித்தது. நஞ்சுண்டசாமி சிரிக்கவில்லை. நீதிக் கமிட்டியைக் கூட்டி நாற்பது நிமிஷம் பேசினான். "இது என் தலையைப் பற்றியதல்ல, ஸ்வாமி. சபையின் மரியாதையைப் பற்றியது" என்றான். அவனுடைய தலை சம்பந்தப்படவில்லை என்பதை நான் உடனே ஒப்புக்கொண்டேன். அதற்கும் சேர்த்துத் தீர்ப்பு வந்தது. விதி பதினேழு. பதினான்கு நாள் பேச்சு விலக்கு.

பேச்சு விலக்கு என்றால் ஒருவரும் என்னோடு பேசக் கூடாது. பேசினவனுக்கும் அதே பதினான்கு நாள். நானாக யாரையாவது கூப்பிட்டால் என் தண்டனை முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கும். மூன்றாம் தடவை என்றால் விடுதியிலிருந்து வெளியேற்றம். வெளியேறினால் ஸ்காலர்ஷிப் போய்விடும். ஸ்காலர்ஷிப் போனால் அப்பாவோடு கேழ்வரகுக் காட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பரீட்சைக்கு நாலு மாசம் இருந்தது.

திங்கட்கிழமை, நவம்பர் 3. மாடியில் கடைசி அறைக்கு என்னை மாற்றினார்கள். அறை முப்பத்தொன்று. பக்கத்து அறைகள் காலி. வெளியே மரப்பலகை போட்ட நீளத் தாழ்வாரம். பூனை நடந்தாலும் கிறீச்சிடும். அதன் மறுகோடியில், மாடிப்படியருகே ஒரு பெஞ்சு. யாராவது என்னோடு பேச வருகிறார்களா என்று பார்க்க, தினம் மாலை இரண்டு பேர் அங்கே காவல் உட்காருவார்கள். அதற்கும் ஒரு விதி, ஒரு நோட்டு.

மௌனம் வெறும் குழந்தை விளையாட்டு என்றுதான் நினைத்தேன். முதல் நாள் சுகமாகக்கூட இருந்தது.

இரவு சரியாக எட்டரைக்கு, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைத் தட்டிப் பேர் கூப்பிடுவார்கள். லக்ஷ்மண ராவ்... மாதப்பா... நடுவில் வரவேண்டியது என் பேர், லிங்கப்பன். அந்த இடத்தில் காரியதரிசி ஒரு மூச்சு விடுவான். அவ்வளவுதான் நான். சாப்பாட்டில் சுவரைப் பார்த்துத் தனி இலை. சமையல்காரர் சித்தையன் விதிக்குக் கட்டுப்பட்டவரில்லை. ஆனாலும் பயந்துகொண்டு பேசாமல் ஊற்றுவார். நான் கரண்டியைப் பார்த்து "போதும்" என்பேன். இரண்டாம் நாள் அந்த ஒரு சொல்தான் நான் பேசியது. என் குரலே எனக்கு யாருடையதோ போல இருந்தது.

மூன்றாம் நாள். புதன். இரவு 8.40.

டொக்... டொக்.

கதவுதான். நான் கட்டிலிலிருந்து எழுந்தேன்.

"அண்ணா... சாப்ட்டாச்சுங்களா?"

எங்கள் ஊர்த் தமிழ்! கன்னடமும் இங்கிலீஷும் மட்டுமே கேட்கிற அந்த இடத்தில், அந்த ஒரு கேள்வியில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

"ஆச்சு. யாரப்பா அது?" என்றேன் மெல்ல.

"வெளக்க அணச்சுடுங்கண்ணா."

காவல்காரர்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று சொல்கிறான். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அணைத்தேன். கதவைத் திறக்கவில்லை, திறந்தால் அவனும் மாட்டிக்கொள்வான். யாரோ ஜூனியர் பையன், நம் பக்கத்தவன், தனக்கு வரக்கூடிய தண்டனையையும் பார்க்காமல் தவழ்ந்து வந்திருக்கிறான். தட்டின சத்தம்கூடக் கதவின் அடியிலிருந்து, தரைக்கு ஒரு சாண் மேலேயிருந்துதான் வந்தது.

"எந்த ஊரு?"

"கோபிநத்தமுங்க."

"அட! பேரு?"

"இங்கதான் பேரு கூப்புடறதில்லீங்களே."

சிரித்தேன். அவனும் சிரித்தான். சிரிப்பு இருமலானது. 9.00 மணிக்குத் தண்டவாளம் அடித்தது. அப்புறம் சத்தமில்லை.

தினமும் 8.40. தினமும் அதே கேள்வி. பகலெல்லாம் நான் அந்த இருபது நிமிஷத்துக்காகக் காத்திருந்தேன். பேட்டா கதையைச் சொன்னேன். சபையில் எழுந்து பேசும்போது நஞ்சுண்டசாமி எப்படிக் கழுத்தை நீட்டுவான் என்று அதே குரலில் பேசிக் காட்டினேன். "அவுருமா அப்படி?" என்றான். வேறு யாரை நினைத்துக்கொண்டு கேட்டானோ தெரியவில்லை. இவனால்தான் நான் பைத்தியம் பிடிக்காமல் பதினான்கு நாளைக் கடப்பேன் என்று தோன்றியது.

சில சின்ன விஷயங்கள் சரியாக இல்லை. கவனித்தேன்; கவனிக்காதது போலவும் இருந்தேன். வேறு துணை இல்லாதவன் வேறு என்ன செய்வான்?

தாழ்வாரப் பலகை ஒருநாளும் கிறீச்சிடவில்லை. அவன் வரும்போதும் இல்லை. போகும்போதும் இல்லை.

வெளியே தொங்கும் லாந்தர் வெளிச்சம் கதவின் அடியில் ஒரு கோடாக உள்ளே விழும். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கோடு முழுசாகவே இருந்தது. நடுவில் நிழல் இல்லை.

பத்தாம் நாள் குரல் இளைத்திருந்தது.

"அண்ணா, தண்ணி இருக்குங்களா?"

"இருக்கு. ஆனா கதவைத் தெறந்தா ரெண்டு பேரும் தொலைஞ்சோம். கீழே குழாய்ல குடிச்சுக்கயேன்."

காலையில் பார்த்தேன். மேஜைமேல் நிறைத்து வைத்திருந்த செம்பு, கதவோரம் தரையில் கிடந்தது. காலி. தரை காய்ந்திருந்தது.

தூக்கத்தில் நானே குடித்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன்.

பதிமூன்றாம் நாள். சனி, நவம்பர் 15. இன்னும் ஒரே நாள்.

8.40. டொக்... டொக்... டொக்.

அன்றைக்குச் சாப்பிட்டாச்சா என்று கேட்கவில்லை.

"அண்ணா... கதவத் தொறந்துடுங்க."

"நாளைக்கு முடிஞ்சுடும்ப்பா. நாளைக்கு ராத்திரி நீயும் நானும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். பொறுத்துக்கோ."

"முடியலீங்க..."

டொக். டொக்.

"என்னாச்சு உனக்கு?"

"தாப்பா... எட்டலீங்க."

தாழ்ப்பாளா?

எனக்கு உடனே உறைக்கவில்லை. தாழ்ப்பாள் கதவின் மேல்பக்கம். கையை உயர்த்தித்தான் எடுக்க வேண்டும். அன்று மாலை நானே போட்டது.

உள்பக்கம்.

வெளியே இருக்கிறவனுக்கு அது எட்டுவானேன்... எட்டாமல் போவானேன்?

அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. கதவுக்கு அந்தப்புறமிருந்து வரும் குரல் கொஞ்சமாவது மங்கி வரும்.

இது ஒருநாளும் மங்கவில்லை.

இருட்டு. நான் கட்டிலில். கதவு ஆறடி தூரத்தில். அதன் அடியில் ஏதோ உராய்ந்தது. துணி மாதிரி...

"அண்ணா..."

ஓடுவதற்கும் அந்த ஒரு வழிதான். கூவலாம். கூவினால் பதினான்கு நாள் முதலிலிருந்து. அந்த நிலையிலும் அதை நினைத்தேன் பாருங்கள்! விதி பதினேழு எனக்குள்ளும் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது!

எழுந்தேன். கீழே பார்க்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு போனேன். என் கணுக்காலில் சூடு பட்டது. காய்ச்சல் சூடு.

கையை உயர்த்தினேன்.

எடுத்தேன்.

கதவு தானாக விலகியது.

வெளியே ஒருவரும் இல்லை. தாழ்வாரக் கோடியில் பெஞ்சில் இருவர். ஒருவன் என் பழைய அறைத் தோழன், மேலுக்கோட்டைச் செலுவநாராயணன். என்னைக் கண்டதும் விதிப்படி இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கிறீச்.

என் வாசலில். முதல் தடவையாக.

கிறீச்... கிறீச்... பலகை பலகையாக மாடிப்படியை நோக்கிப் போயிற்று. செலுவநாராயணன் திரும்பிப் பார்க்காமலே, வழியில் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டான். யாரோ போக வழி விடுகிற மாதிரி.

மணி 8.47.

மறுநாள் மாலை சபை கூடி என்னை மனிதர்களோடு சேர்த்தது. நஞ்சுண்டசாமி அதற்கும் இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டான். முடிந்ததும் செலுவநாராயணன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏண்டா அப்படித் தட்டினாய்? தினம் தினம்! கேட்கவே முடியலை. பதில் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு."

"நான் தட்டலை."

"உள்ளேயிருந்துதானே தட்டல் வந்தது? என் காதால கேட்டேன். நேத்திக்கு மட்டும் யாரையோ வெளியே அனுப்பினாயே, யாருடா அவன்?"

"நீ அவனைப் பார்த்தாயா?"

அவன் யோசித்தான். கையை விட்டுவிட்டான்.

"பார்க்கலை" என்றான். "ஆனா... போனானே."

செலுவநாராயணன் துணைக் காரியதரிசி. பழைய காவல் நோட்டுகள் அவன் பொறுப்பில். அன்றிரவே இருவரும் சேர்ந்து தேடினோம். பேச்சு விலக்குப் பெற்று அதே அறையில் இருந்தவன் எனக்கு முன்னால் ஒரே ஒருவன். 1920, ஜூலை. சாப்பாட்டு மணி அடித்த பிறகு கூடத்துக்குள் நுழைந்த குற்றம். ஊரிலிருந்து மலைக்காய்ச்சலோடு வந்திருந்தானாம், அதனால்தான் தாமதமாம். கமிட்டி அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. பதினான்காம் நாள் காலையில் கதவை உடைத்தார்கள். சுலபமாக உடையவில்லை. அடியில் அவன் சாய்ந்து கிடந்தான்.

முந்தின நாள் குறிப்பு அழகான கையெழுத்தில் இருந்தது. கன்னடத்தில். எழுத்துக்கு எழுத்து எனக்கு இன்னும் நினைவிருக்கிறது:

"இரவு 8.40. விலக்கப்பட்ட ஜடையன், கோபிநத்தம், கதவின் அடிப்பாகத்தை உள்ளிருந்து தட்டினான். தாழ்ப்பாள் எட்டவில்லை என்று பலமுறை சொன்னான். காவலிருந்த அங்கத்தினர்கள் இருவரும் விதியை மீறாமல் மௌனம் காத்தனர். 8.47க்குத் தட்டுவது நின்றது. அங்கத்தினர்களின் கட்டுப்பாட்டைச் சபை பாராட்டுகிறது. ஏகமனதாக நிறைவேறியது."