முன்வரிசைக்கு அறுபது, பின்வரிசைக்கு நாற்பது

தேவயானி எங்கள் வீட்டு மாடியில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறாள். வயது முப்பத்தொன்று. வாழ்க்கைப்பட்டது பக்கத்துக் கிராமமான வளையமாதேவியில். கணவன் மணிமாறன் நிலக்கரிச் சுரங்கத்தில், தண்ணீர் இறைக்கும் பம்ப் ஹவுஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஒரே மகள் இளவேனில், மூன்றாம் வகுப்பு. தேவயானி ஒரு பழைய கால்மெஷினில் ஜாக்கெட்டும் பள்ளிச் சீருடையும் தைப்பாள். 2024 ஜனவரி வரை டுட்டு பாவாடை என்ற ஒன்றை அவள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஜனவரி 20, சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு சத்யப்பிரியா காரில் வந்து இறங்கினாள். இளவேனில் படிக்கும் பள்ளியில் அவள் பெற்றோர் குழுத் தலைவி. கணவர் சுரங்கத்தில் அதிகாரி. டிக்கியில் ரோஸ் நிறத்தில் ஒரு முழுச் சுருள் நெட் துணி இருந்தது. ஆண்டு விழாவில் மூன்றாம் வகுப்புப் பெண்கள் இருபத்துநான்கு பேர் ஆடுகிறார்களாம்.

"தைக்கவே வேணாம் தேவயானி, முடிச்சு போட்டா போதும்" என்று செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள்.

அதில் காட்டிய முறை இதுதான். இருபது அங்குல எலாஸ்டிக்கை வளையமாகத் தைத்துக்கொள்ள வேண்டும். நெட் துணியை ஐந்து அங்குல அகலம், இருபத்துநான்கு அங்குல நீளத்தில் பட்டைகளாக வெட்ட வேண்டும். பட்டையை இரண்டாக மடித்து எலாஸ்டிக்கின் அடியில் கொடுத்து, நுனிகளை மடிப்புக்குள் நுழைத்து இழுத்தால் முடிச்சு விழும். ஊசி கிடையாது. ஒரு பாவாடைக்கு அறுபது பட்டை. வளையம் முழுக்க நெருக்கி முடிந்தால் குடை போல விரிந்து நிற்கும்.

துணிச் சுருள் அறுபத்தொரு மீட்டர், அகலம் அறுபது அங்குலம். வெட்டி முடித்தபோது ஆயிரத்து இருநூறு பட்டைகள் வந்தன. ஒரு வாரம் மாடி அறை முழுவதும் அவை குவிந்து கிடந்தன. பிளாஸ்டிக் நாற்றம் மாடிப்படி வரை வந்தது. ஜன்னல் வழியாக வரும் பழுப்புத் தூசி, தலைமுடி, நூல்பிசிறு எல்லாம் அந்த வலையில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் போகவில்லை. இளவேனிலின் மணிக்கட்டில் உரசிச் சிவந்து தடித்திருந்தது. கொசுவலையைக் கிழித்துக் குழந்தைகள் இடுப்பில் கட்டுவதைக் கலை என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ தெரியவில்லை.

28-ஆம் தேதி மாலை தேவயானி கீழே வந்தாள். கணக்கு என்றால் ரிட்டையர் ஆன கணக்கு வாத்தியாரான என்னிடம்தான் வருவாள்.

"சார், ஒரு கணக்கு சொல்லுங்க. ஆயிரத்து இருநூறு பட்டை இருக்கு. பன்னெண்டு பாவாடைக்கு அறுபது அறுபது. மிச்சம் பன்னெண்டுக்கு எத்தினி வரும்?"

"நாற்பது. ஏன் இரண்டு அளவு?"

"துணி பத்தல சார். முன்வரிசைக்கு அறுபது, பின்வரிசைக்கு மிச்சத்த வச்சி முடிச்சிடுன்னு மேடம் சொல்லிட்டாங்க. பின்னாடி நிக்கிறதுங்கள யாரு பாக்கப்போறா."

குட்டையான பிள்ளைகள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

பிப்ரவரி 3, சனிக்கிழமை பகல் இரண்டரைக்கு மாடிக்குப் போனேன். பாவாடைகள் தயார், ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு குத்த வேண்டும். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை அழைத்திருந்தாள். சத்யப்பிரியா இரண்டு பட்டியல் அனுப்பியிருந்தாள். முதல் பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் சுரங்கக் குடியிருப்பின் பிளாக், குவார்ட்டர்ஸ் எண். இரண்டாவதில் பன்னிரண்டு பெயர்கள் மட்டும். அவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது. அத்தனையும் கான்ட்ராக்ட் தொழிலாளர் பிள்ளைகள். முதல் பட்டியலின் முதல் பெயர் ஹரிணி, சத்யப்பிரியாவின் மகள், தேவயானியின் அளவு நோட்டில் உயரம் 131 சென்டிமீட்டர். இளவேனில் 112, வகுப்பிலேயே குட்டை. அவள் பெயர் இரண்டாவது பட்டியலில் இருந்தது.

எட்டு வயதுப் பிள்ளைகளின் இடுப்புத் துணியில் பெர்மனென்ட், கான்ட்ராக்ட் பிரித்திருக்கிறார்கள். நாற்பது என்று கணக்குச் சொன்னவன் நான்.

சீட்டு குத்துமுன் ஒவ்வொரு பாவாடையையும் எண்ணிக் குறித்தேன். முன்வரிசைப் பாவாடைகள் பன்னிரண்டிலும் சரியாக அறுபது. பின்வரிசையில் முதலாவது முப்பத்தொன்பது. இரண்டாவதும் முப்பத்தொன்பது. பதினொரு பாவாடைகள் அப்படி. பன்னிரண்டாவதில் ஐம்பத்தொன்று. கூட்டினால் நானூற்றெண்பது, கணக்கு நேராகத்தான் இருந்தது.

"இது யாருடையது?"

"எம் பொண்ணோடது சார்."

"இதில் பதினொன்று அதிகம். மற்ற பதினொன்றிலும் ஒவ்வொன்று குறைவு."

தேவயானி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"எடுக்கிறதுதான் எடுத்தாய், முன்வரிசையில் எடுத்திருக்கலாமே. அங்கே எழுநூற்று இருபது இருந்ததே."

"அதுல கை வைக்க பயமா இருந்துது சார். மேடம் எண்ணிப் பாப்பாங்க. இதுங்களோட அம்மாங்க எங்க எண்ணப்போறாங்க. என்னைய மாரிதான, குடுத்தத வாங்கிக்கினு போறவங்க."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. உள்ளவன் பங்கைத் தொடப் பயந்து இல்லாதவன் பங்கில் கிள்ளுவதை இந்த ஊரில் நாற்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். ரோஸ் துணியிலும் அதையே பார்க்க வேண்டியிருந்தது.

அவள் இரண்டாவது பட்டியலை எடுத்து ஒரு பெயரில் விரல் வைத்தாள். "இது விஜயலட்சுமி அக்கா பொண்ணு. இளவேனில் பொறந்தப்ப மூணு நாளு ஆஸ்பத்திரியில எங்கூடவே கெடந்தாங்க. அவங்க பொண்ணுகிட்டயும் ஒண்ணு உருவியிருக்கேன். தூ, என்னா பொழப்பு இது."

பட்டியலை மடித்து வைத்தாள். பிறகு, "எல்லாத்துக்கும் ஒரே மாரி போட்டா எத்தினி சார்?" என்று கேட்டாள்.

"ஐம்பது."

ஹரிணிக்கு வைத்திருந்த பாவாடையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அந்த முடிச்சில் ஒரு வசதி, நுனியைத் தளர்த்தினால் அவிழ்ந்துவிடும். முன்வரிசையிலிருந்து பத்துப் பத்தாக நூற்றிருபது உருவினாள். மகளுடையதில் ஒன்றை எடுத்தாள். மற்ற பதினொன்றுக்கும் பதினொன்று பதினொன்றாகச் சேர்த்து முடிந்தாள்.

ஐந்து இருபதுக்கு மணிமாறன் வேலை முடிந்து வந்தான். விஷயம் கேட்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அந்தம்மா வூட்டுக்காரரு எங்க செக்‌ஷன் ஆபீசரு. தெரியுமில்ல?"

"தெரியும்."

"சுரங்கத்துக்குள்ள வுடுற கேட் பாஸு மார்ச்சுல ரினீவலு."

"அதுவும் தெரியும். பட்டைய மிதிக்காத, தள்ளி நில்லு."

"எல்லாந் தெரிஞ்சிகினுதான் பண்றியா?"

"ஆமா. தெரியாம பண்ணுனதத்தான் இப்ப அவுத்துக்கினு இருக்கேன்னு சொன்னா நம்புவியா? அதுவும் தெரிஞ்சிதான் பண்ணேன்."

அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை சத்யப்பிரியா வந்தாள். ஒரு கையில் ஹரிணியின் பாவாடை, மறு கையில் இளவேனிலுடையது. தூக்கிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணு போல இருக்கே."

"ஆமா மேடம். எல்லாம் அம்பது."

"நான் அப்படிச் சொல்லலையே."

"இருக்கிற பட்டைய பிரிச்சா அம்பதுதான் மேடம் வருது. சாரையே கேளுங்க."

"ஐம்பதுதான்" என்றேன்.

"சார் ரிட்டையர் ஆகியும் கணக்கை விடல போலிருக்கு" என்று சத்யப்பிரியா சிரித்தாள். அதே சிரிப்போடு தேவயானி பக்கம் திரும்பி, "உங்க வீட்டுக்காரர் பம்ப் ஹவுஸ்லதானே இருக்கார்?" என்று கேட்டாள். வசவைக் கூடக் கேட்டுக்கொள்ளலாம். அந்தச் சிரிப்பைச் சகிக்க முடியவில்லை.

ஆண்டு விழா 9-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை. நானும் போயிருந்தேன். மேடை ஏறுமுன் சத்யப்பிரியா ஒரு பையிலிருந்து வெள்ளி நிற சாட்டின் பெல்ட்டுகளை எடுத்தாள். நான்கு அங்குல அகலம், பின்னால் பெரிய பூ. முன்வரிசைப் பிள்ளைகளின் இடுப்பில் ஒவ்வொன்றாகக் கட்டினாள். எண்ணினேன், பன்னிரண்டு. பெல்ட் இறுக்கியதில் முன்வரிசைப் பாவாடைகள் நனைந்த கோழி மாதிரி படுத்துவிட்டன. பின்வரிசையில்தான் விரிந்து நின்றன. முன்வரிசை மறைத்ததில் அதுதான் சரியாகத் தெரியவில்லை. ஆட்டம் நான்கு நிமிடம் இருபது விநாடி. ஹரிணிக்குப் பின்னால் நின்ற இளவேனிலின் முகம் எனக்கு இரண்டு முறை தெரிந்தது.

பக்கத்தில் இருந்த விஜயலட்சுமி, "எம் பொண்ணுது நல்லா புசுபுசுன்னு இருக்குடி" என்றாள். தேவயானி தலையை மட்டும் ஆட்டினாள்.

மார்ச் 1 முதல் மணிமாறனைப் பம்ப் ஹவுஸிலிருந்து கன்வேயருக்கு மாற்றினார்கள். பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியை வாரிப் போடுகிற வேலை. காரணம் எதிலும் எழுதப்படவில்லை. கேட்டதற்கும் யாரும் சொல்லவில்லை. பாஸ் மட்டும் புதுப்பிக்கப்பட்டது. முதல் நாள் மாலை அவன் படியேறியபோது பல் மட்டும்தான் வெளுப்பாக இருந்தது.

மறுநாள் காலை தேவயானி குழாயடியில் அவன் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் ரோஸ் நிறத்தில் ஒரு நெட் உருண்டை.

"இளவேனில் பாவாடையா?"

"அது வாணாம்னுடுச்சி சார், தொடையெல்லாம் அரிக்குதாம். பத்துப் பத்தா சுருட்டிக் கட்டிட்டேன். கரிய நல்லா எடுக்குது" என்றாள். காலரைப் பிழிந்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். "விஜயலட்சுமி அக்காளுக்கும் ஒண்ணு குடுத்தேன்."