அம்மா கேட்ட கென்வஸ்

கென்வஸ் என்ற சொல்லுக்கு அகராதியில் முதலில் துணி வரும். சப்பாத்து பிறகுதான் வரும். பதுளையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் நான் இந்த வரிசையை மாற்றிச் சொன்னதே இல்லை. ஆனால் ஒன்பது வயதில் மாற்றித்தான் தெரிந்து வைத்திருந்தேன்.

அப்போது எனக்குத் தெரிந்த ஒரே கென்வஸ், விளையாட்டுப் போட்டிக்கென்று அப்பா பதுளைக் கடைத்தெருவில் வாங்கித் தந்த வெள்ளைச் சப்பாத்து. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அதைத் தொட்டுப் பார்க்காத ஆள் இல்லை. சேறு பட்டுவிடும் என்று நான் காலில் போட்டதைவிடக் கையில் தூக்கித் திரிந்ததுதான் அதிகம். அடுப்படிக்குப் பின்னால், மண்மேட்டை ஒட்டி அடுக்கிய விறகை மூடிக் கிடந்த தடித்த துணிக்கு எங்கள் வீட்டில் படங்கு என்று பெயர். தோட்டத்து லொறியில் வேலை செய்த அப்பா மட்டும் அதைக் கென்வஸ் என்பார். யார் காதில் வாங்கினோம்!

அந்த ஐப்பசியில் மூன்று நாளாக மழை விடவில்லை. நான்காம் நாள் மத்தியானம் கங்காணி ஓடி வந்து, லயத்துக்கு மேலே நிலம் வெடித்திருக்கிறது, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். ஒரு மாதக் குழந்தையான தம்பியைத் துவாயில் சுற்றிக்கொண்டு அம்மா ஓட, நான் பின்னால் ஓடினேன். பாதை வளையும் கோயில் முடக்குக்கு வந்தபோது மழை இன்னும் வலுத்தது. தம்பி விறைத்துப்போய் அழுதான். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"பாப்பா, ஓடிப்போய் அந்தக் கென்வஸ எடுத்துட்டு வா!"

அன்று ஏனோ அம்மாவின் வாயில் அப்பாவின் சொல் வந்தது.

திரும்பி ஓடினேன். லயத்தில் ஈ, காக்கை கூட இல்லை. காலடியில் தண்ணீர் செம்மண்ணாக ஓடியது. எங்கோ கல் உருளும் சத்தம் கேட்டது. சப்பாத்து வாசல் திண்ணையான இஸ்தோப்பிலேயே கொடியில் தொங்கியது. பிடுங்கிக்கொண்டு ஓடினேன். படியேறி முடிக்கவில்லை, பின்னால் மலையே இருமியது போல் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் எங்கள் அடுப்படி இருந்த இடத்தில் மண் நின்றது.

அம்மா என் பெயரைக் கத்திக்கொண்டு எதிரே ஓடி வந்தாள். என் கையைப் பார்த்தாள்.

"அடுப்படிப் பக்கம் போகலயா நீ?"

"இல்லம்மா, கென்வஸ் இஸ்தோப்புலதானே இருந்துச்சு."

பளாரென்று ஓர் அறை. அடித்த கையாலேயே என்னை இழுத்து அணைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்து அழுதாள். அப்போதுதான் எனக்குப் படங்கு நினைவுக்கு வந்தது. கேட்டதைக் கொண்டு வராமல் தம்பியை நனைய விட்டோமே என்று நானும் அழுதேன்.

பள்ளிக்கூடத்தில், செய்த தப்புக்குப் பரிகாரமாகத் தம்பியின் கால்களைச் சப்பாத்துக்குள் நுழைத்தேன். முழங்கால் வரை உள்ளே போனது.

அப்பா வந்ததும் எங்களை மாறி மாறித் தடவிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் கோபித்தார்.

"பச்சப் புள்ள இப்புடி நனைஞ்சிருக்கே. அந்தக் கென்வஸையாவது எடுத்திருக்கலாமே?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "ஞாபகமே வரலைங்க" என்றாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்னைக் காட்டிக்கொடுக்காத அம்மாவின் மடியில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டேன். அவள் கை என் கன்னத்தில், அடித்த இடத்தையே, நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தது. அடித்ததற்காக என்று நினைத்தேன். அவள் மறைத்தது யாருடைய தப்பை என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.