தேக்கம் என்ற தலைப்பின் கீழ்

என் மனைவி பயப்படாத பொருள் என்று எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. கதவு தட்டினால் போலீஸ். போன் அடித்தால் சாவுச் செய்தி. பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தால் வேலை போய்விட்டது. அடுப்பை அணைத்தோமா என்று பூட்டிய வீட்டைத் திறந்து இரண்டு முறையாவது பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவாள். ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறாள். ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்கிறவளுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு பயம் என்று எனக்கு விளங்கியதே இல்லை. நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஒன்று ஓடவில்லை என்றால் பின்பக்கம் திருப்பித் திறந்து பார்த்துவிடுவேன். இவளை அப்படிப் பார்க்க வழியில்லாததால் கேலி செய்துகொண்டிருந்தேன். அவளை நான் கூப்பிடுவதே 'டீச்சர்' என்றுதான்.

முனைவர் பட்டத்துக்குப் பதியப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்றும் சிரித்தேன். "கடைசியில நேர்ல உக்கார வெச்சுக் கேள்வி கேப்பாங்களாமே டீச்சர். தண்ணி தெளிச்சு எழுப்ப நான்தானே வரணும்?" என்றேன். அவள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். தலைப்பையும் அவளே தேர்ந்தெடுத்தாள். பரீட்சையில் தவறிய சின்னப் பிள்ளைகளை அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்காரவைக்கிறார்களே, அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன ஆகிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி.

விடுமுறை நாளெல்லாம் பல்கலைக்கழக நூலகத்தில் கழிந்தது. நானே வண்டியில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். மாடியில் நீளமான ஹால், சன்னலோரம் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், எழுத்து தேய்ந்துபோன விசைப்பலகைகள். புத்தகப் பட்டியல் முழுக்க அந்தக் கம்ப்யூட்டர்களில்தான். முதல் நாள் ஏதோ ஒரு விசையைத் தட்டித் திரை கறுத்துவிட்டது. நூலகத்தின் பட்டியல் மொத்தமும் தன்னால் அழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பையைக்கூட எடுக்காமல் ஓடிவந்துவிட்டாள். பையைக் கேட்டு வாங்க நான் போனேன். கவுன்டரில் இருந்த அம்மாள், தொண்டைக்கு எப்போதும் மிட்டாய் சப்பிக்கொண்டிருப்பவர், "ஸ்க்ரீன் தூங்கிடுச்சு, அவ்வளவுதான். பயப்படாம வரச் சொல்லுங்க" என்று சிரித்தார்.

போகப் போகக் கை பழகிவிட்டது. ஆசிரியர் பெயரில் தேடுவது ஒரு விதம், பொருளில் தேடுவது இன்னொரு விதம். இரண்டு சொல்லையும் சேர்த்துக் கேட்கலாம், இதுவோ அதுவோ என்றும் கேட்கலாம். வருடத்தைச் சொல்லிக் குறுக்கலாம். கல்விக் கட்டுரைகளுக்கென்றே இருந்த தரவுத்தளத்தில் வெளிநாட்டு ஆய்வுகள் நூற்றுக்கணக்கில் கொட்டின. சாப்பிடும்போதுகூட அதையே பேசுவாள். ஆனால் நம் பிள்ளைகளைப் பற்றி, நம் மொழியில் என்று தேடினால் ஒன்றும் வராது. தோல்வி என்று போட்டுப் பார்த்தாள். தேர்ச்சியின்மை, நிறுத்திவைத்தல், மறுபடி படித்தல் என்று மாற்றி மாற்றிப் போட்டாள். 'முடிவுகள் ஏதுமில்லை' என்றே திரை திரும்பத் திரும்பச் சொன்னது.

அவளுடைய நெறியாளர் ஒரு பேராசிரியர். ஒரு கையில் செல்போனைப் பார்த்தபடி மறு கையால் கையெழுத்துப் போடுகிறவர். "நல்லதாப் போச்சும்மா. காலி மனை. வேலியைப் போட்டுடு" என்றார். அப்படித்தான் இரண்டாம் அத்தியாயத்தின் முடிவில் அந்த வரி ஏறியது: 'இப்பொருள் குறித்து நம் பள்ளிகளில் இதுவரை எவரும் ஆராயவில்லை.' மணி என்ன என்று கேட்டால்கூட 'நாலுன்னு நினைக்கிறேன்' என்கிறவள் எழுதிய வரி அது. எனக்கே பெருமையாக இருந்தது.

ஆய்வேட்டைக் கட்டி முடித்து, பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தாயிற்று. காப்பியடித்ததா என்று பார்க்கிற கம்ப்யூட்டர் சோதனையிலும் சுத்தம் என்று வந்துவிட்டது. ஒரு பிரதியை நூலகத்தில் சேர்க்க வேண்டும், அது மட்டும்தான் பாக்கி. கவுன்டர் அம்மாள் அதை வாங்கிப் பதிய ஆரம்பித்தார். எந்தப் புத்தகமானாலும் நாம் பேசுகிற சொல்லில் பதிய மாட்டார்களாம். அதற்கென்று வைத்திருக்கும் தலைப்புகளில் ஒன்றில்தான் போடுவார்களாம். பிள்ளைகள் ஒரே வகுப்பில் தங்கிவிடுவதற்குப் பழைய கல்விக்காரர்கள் வைத்த பெயர் தேக்கம். அம்மாள் அந்தச் சொல்லைத் தட்டினார். திரையில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது.

"மேடம், உங்களுக்குத் துணைக்கு ஒருத்தர் இருக்காரே!" என்றார் சந்தோஷமாக.

டீச்சர் பழைய ஆய்வேடுகள் இருக்கும் கீழ்த்தளத்துக்குப் போய் அதை எடுத்துப் பார்த்திருக்கிறாள். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஆய்வேடு, தட்டச்சு செய்தது. அதே கேள்வி. இவளைப் போலவே அவரும் தவறிய பிள்ளைகளின் வீடுவீடாகப் போய்ப் பேசியிருக்கிறார். உட்காரவைத்த பிள்ளை படிப்பில் தேறவில்லை, வாயடைத்துப் போகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. முடிவும் அதே. ஒரு அட்டவணை இவள் போட்ட அட்டவணையின் அச்சாக இருந்ததாம்.

அன்று நான் ஒரு கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, நான் திருடிட்டேன்னு சொல்லப் போறாங்க."

நடந்ததைக் கேட்டதும் எனக்கும் பயம் வந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. "அதான் கம்ப்யூட்டர் சோதனையில வரலையே? டைப் அடிச்ச பழைய பேப்பர். யார் கிளறப் போறா?" என்றேன்.

"பட்டியல்ல இருக்கேங்க. நான் எழுதினதுக்கு நேர் மேல இருக்கு. அந்த ஒரு சொல்லைப் போட்டா ரெண்டும் சேந்து வரும்."

நெறியாளரிடம் போன் பேசினாள். அவர் குரல் எனக்கும் கேட்டது. "யார்கிட்டயும் மூச்சு விடாதம்மா. நீ பாத்து எழுதினன்னு யாராவது சொல்லிட்டா உன் பேரும் போகும், என் பேரும் போகும்" என்று வைத்துவிட்டார். வெளியூரிலிருந்து வரப்போகும் பரீட்சகர் யார் என்று மறுநாள் தெரிந்தது. ஆராய்ச்சி மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'ரெண்டாம் அத்தியாயம்'. எந்த ஆய்வேட்டையும் அங்கேதான் பிரிப்பாராம். உனக்கு முன்னால் யார் யார் எழுதினார்கள், நீ ஒழுங்காகத் தேடினாயா என்று துருவித் துருவிக் கேட்பாராம். இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார் என்றும் சொன்னார்கள்.

அதன் பிறகு வீடு வீடாக இல்லை. சாயங்காலம் பள்ளி விட்டதும் நேராக நூலகம் போவாள். அந்தச் சொல்லைத் தட்டுவாள். இரண்டு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். பார்த்துவிட்டு வந்துவிடுவாள். திரும்பத் திரும்பத் தேடுவதை அந்தக் கம்ப்யூட்டர் எங்காவது குறித்து வைக்குமோ என்று அதற்கும் பயம். பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவர் என்ன சொல் தட்டுகிறார் என்று ஓரக்கண்ணால் பார்ப்பாளாம். சமையலில் உப்பு இருக்காது, இல்லாவிட்டால் இரண்டு தரம் இருக்கும். நான் கேலி செய்யாமல் சாப்பிட்டேன். பெயர் கெட்டால் பள்ளிக்கூட வேலையும் தங்காது என்பது எனக்குத் தெரியாதா?

ஒருநாள் வந்ததும் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னைக்கு அதை எடுத்துட்டேங்க" என்றாள்.

"எதை?"

"அந்த ஆய்வேட்டை. எடுத்துட்டுப் போய் விவசாயப் புத்தகம் இருக்கற அலமாரியில வெச்சேன். இடம் மாறின புத்தகம் செத்த புத்தகம்னு கவுன்டர் அம்மா சொல்வாங்க. பட்டியல்ல இருக்கும், தேடிப் போனா இருக்காது."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. மறைப்பானேன்.

"அப்புறம் படியேறி வந்தேன். திரும்பப் போய் இருந்த எடத்துலயே வெச்சுட்டேன். எனக்கு என்னை நினைச்சாத்தான் இப்ப ரொம்பப் பயமா இருக்கு."

வாய்மொழித் தேர்வன்று நானும் போனேன். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதால் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். துறையின் கருத்தரங்க அறை. முன்னால் ஒரு மேசை, அதன்மேல் தண்ணீர் பாட்டில்கள். நெறியாளர் புதுச் சட்டையில் இருந்தார். பரீட்சகர் ஒல்லியான மனிதர், குரலே உயரவில்லை. டீச்சர் நின்றபடி தன் ஆய்வைச் சொல்லி முடித்தாள்.

பரீட்சகர் ஆய்வேட்டைப் பிரித்தார். நேராக இரண்டாம் அத்தியாயம். பட்டப்பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை.

"இதுவரை எவரும் ஆராயவில்லைன்னு எழுதியிருக்கீங்க. நல்லாத் தேடினீங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவருக்கு எதுவும் தெரிந்ததாகவே தோன்றவில்லை. எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டார். நெறியாளர் இவளைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். நானும் மனசுக்குள் சொல்லு, சொல்லு என்று கெஞ்சினேன். அவள் மேசையோரத்தைப் பற்றிக்கொண்டாள். விழுந்துவிடப் போகிறாள் என்று நான் பாதி எழுந்துவிட்டேன்.

"தேடினேன் சார். தப்பாத் தேடிட்டேன்" என்றாள்.

தேக்கம் என்ற தலைப்பையும், அதன் கீழ் இருந்ததையும், தான் எந்தச் சொற்களில் தேடினாள் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நெறியாளர் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"அதைப் பார்த்துத்தான் இதை எழுதினீங்களா?"

"இல்ல சார்."

"நான் எப்படிம்மா நம்பறது?"

"நிரூபிக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல சார்."

பரீட்சகர் பேனாவை மூடினார். அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் டீச்சர் உட்காரவில்லை.

"முதல் தடவை அதைப் படிச்சப்ப என் பட்டம் போச்சேன்னுதான் பயந்தேன் சார். அப்புறம் அது வந்த வருஷத்தைப் பாத்தேன். அப்ப நான் ரெண்டாவது படிச்சிட்டிருந்தேன். பிள்ளைங்களை உக்கார வெக்காதீங்கன்னு அதுல எழுதி, நூலகத்துல வெச்சாச்சு. அடுத்த வருஷம் மூணாவதுல தவறின என்னை அங்கேயே உக்கார வெச்சாங்க. என் கூடப் படிச்சவங்கல்லாம் மேல போய்ட்டாங்க. அன்னையிலேர்ந்து எனக்கு எல்லாத்துக்கும் பயம் சார்."

கையிலிருந்த தாளை மேசையில் வைத்தாள்.

"டீச்சரானப்புறம் நானும் உக்கார வெச்சிருக்கேன். வருஷா வருஷம். எனக்குத் தெரியலன்னு சொல்லலாம். ஆனா அது கீழ்த்தளத்துல இருந்திருக்கு."

பரீட்சகர் மூடிய பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார். பிறகு தணிந்த குரலில் தீர்ப்பைச் சொன்னார். இரண்டாம் அத்தியாயத்தை முழுசாகத் திருப்பி எழுத வேண்டும். பழைய ஆய்வைப் பக்கத்தில் வைத்து, அன்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது, என்ன மாறவில்லை என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு மறுபடி வரலாம். "நான்தான் வந்து கேப்பேன்" என்றார். பட்டம் அன்று கிடைக்கவில்லை.

வெளியே மர நிழலில் வண்டி நின்றது. சாவியைப் போட்டேன், திருப்பவில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவள் மூன்றாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தாள் என்பதை, யாரோ ஒரு பரீட்சகரிடம் அவள் சொல்லி நான் கேட்கிறேன்.

"ஏன் டீச்சர் எங்கிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லல?"

அவள் ஆய்வேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீங்க சிரிப்பீங்களோன்னு பயமா இருந்துச்சுங்க" என்றாள்.