வீடு மாற்றக் கூடாத மாதங்கள்

ஐம்பத்தெட்டு வயதில் நான் சொந்த வீட்டுக்காரி ஆனேன். கடலூரில் ஒரு மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டே சிதம்பரத்தில் ஒரு வீட்டை வாங்கினோம். சர்க்கரை நோய் என் கணவரின் இடது பாதத்தை எடுத்துவிட்டிருந்தது. மாடிக்குப் பதினெட்டுப் படி. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் நாலு பேர் அவரை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். இருபது வருஷம் குவைத்தில் உழைத்த மனிதர், மூட்டை மாதிரி இறங்கிப் போகப் பிடிக்காமல் ஜும்ஆ தொழுகைக்குப் போவதையே விட்டுவிட்டார். சிதம்பரத்து வீட்டு வாசலில் படியே கிடையாது. பள்ளிவாசலும் அதே தெருவில். சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை தொழப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகத்தான் வாங்கினோம், வேறு எதற்கும் இல்லை.

அதில் ஏற்கெனவே ஒரு குடும்பம் குடியிருந்தது. விற்றவர், "தங்கமான மனுசன், சொன்னா போயிடுவாரு" என்றார். ஆனி மாதம் பத்திரம் முடிந்த கையோடு போய்ப் பார்த்தேன். குடியிருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் விபூதி, மெல்லிய குரல். அவர் மனைவி காபி கொடுத்தார். அந்தக் காபியைக் குடித்துவிட்டு, "காலி செய்யுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வீடு எங்களுக்குத் தேவப்படுது. மெதுவா பாத்துக்குங்க" என்றேன். அவரும் மெதுவாகவே பார்த்தார்.

அடுத்த மாதம் ஆடி. "ஆடியில வீடு மாத்த மாட்டோம்மா" என்றார் போனில். அது எனக்கும் தெரிந்ததுதான். ஆவணியில் அவர் மகள் மாசமாக வந்திருந்தாள். கர்ப்பிணி இருக்கும்போது வீடு மாற்றக் கூடாதாம். புரட்டாசி ஆகாது. ஐப்பசியில் அடைமழை. கார்த்திகையில் பிரசவம், பச்சை உடம்புக்காரியை அலைக்கழிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். பாய் வீட்டுப் பொம்பளை வாங்கியதும் வாங்காததுமாக, ஆடி என்றுகூடப் பார்க்காமல் துரத்திவிட்டாள் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது. அந்தத் தெருவில்தான் நாங்கள் போய் வாழ வேண்டும். மரியாதை பாதி, பயம் பாதி. பிள்ளை பிறந்ததற்கு பஸ் ஏறிப் போய் ஒரு கம்பளிச் சட்டை வேறு கொடுத்துவிட்டு வந்தேன். அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கடலூரில் எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த அம்மா கீழேயே இருந்தார். "ஆவணியில எத்தினி முகூர்த்தம் இருந்துச்சு தெரியுமாக்கா? எங்க சொந்தத்துலயே ரெண்டு பேரு வீடு மாறுனாங்க. அந்தாளு உங்கள ஏமாத்துறான்" என்றார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

ஒவ்வொரு தடவை போனை வைத்ததும் என் கணவர் கேட்பார்.

"என்னா சொல்றாரு?"

"அடுத்த மாசம்ங்குறாரு."

"சரி வுடு. அவுங்க முறைய நாம மதிக்கணும்ல."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருந்தேன்.

கார்த்திகை கடைசியில் ஒரு காலை, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தார். நாற்காலியைத் தூக்க ஆள் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவரை வைத்த சந்தூக்குப் பெட்டியைப் படிக்கட்டில் திருப்ப முடியாமல் ஆண்கள் சிரமப்பட்ட சத்தத்தை உள்ளேயிருந்து கேட்டேன்.

நான் இத்தாவில் உட்கார்ந்தேன். நாலு மாதம் பத்து நாள் வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்களைப் பார்க்கக் கூடாது. பதினைந்தாம் நாளோ என்னவோ, சிதம்பரத்து வீட்டில் குடியிருந்தவர் துக்கம் கேட்க வந்தார். கூடத்தில் என் தம்பியோடு உட்கார்ந்தார். நான் அறைக்குள், திரைக்குப் பின்னால். நல்ல மனுசன், நல்ல சாவு என்றெல்லாம் சொன்னார். பிறகு அதே மெல்லிய குரலில்:

"உங்க வழக்கத்துல நாலு மாசம் அம்மா எங்கயும் போகக் கூடாதாமே. விசாரிச்சேன். அப்ப வீட்டுக்கு இப்ப அவசரமில்ல. நாங்க சித்திரை வரைக்கும் இருந்துக்குறோம்."

அவருடைய முறைகளையெல்லாம் நான் மதித்தேன். அவர் என்னுடையதையும் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

"வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள காலி பண்ணுங்க" என்றேன் திரைக்குப் பின்னாலிருந்து.

"மார்கழி பொறந்துடுச்சேம்மா."

"மார்கழிதான். காலி பண்ணுங்க."

புதன்கிழமையே போய்விட்டார்கள். நாள் பார்க்கவில்லை, நேரம் பார்க்கவில்லை, கைப்பிள்ளையோடு, மார்கழியில். நாலு தெரு தள்ளி வீடு கிடைத்ததாம். தம்பி சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். அவ்வளவு சுலபமாக முடிகிற வேலை. ஆனியிலேயே நான் அந்தக் காபியை வைத்துவிட்டு நாலு வார்த்தை கடுமையாகப் பேசியிருந்தால் போதும். அவர் மேல் இருப்பதைவிட என் மேல்தான் எனக்குக் கோபம் ஜாஸ்தி.

இத்தா முடிந்ததும் சிதம்பரத்துக்கு வந்துவிட்டேன். இப்போது தனியாகத்தான் இருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் தவறாமல் ஒன்று சொல்கிறார்கள்: "படியேறி எறங்க வேணாம், வயசான காலத்துல உங்களுக்கு எவ்ளோ வசதி." நான் ஆமாம் என்கிறேன். எனக்குப் படியேறுவதில் எந்தக் காலத்திலும் சிரமம் இருந்ததில்லை.