மாடித் தக்காளிக்கு நானே அதிகாரி

கரமனையில் எங்கள் வீட்டு மொட்டை மாடித் தக்காளிக்கு நான் அதிகாரியானபோது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பதவியை அப்பாவே வலிய வந்து கொடுத்தார். அதுவரை ஒரு இலையைக்கூடத் தொட விடாதவர், கத்தரிக்கோலை என்னிடம் நீட்டிவிட்டுத் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தண்டுக்கும் இலைக்காம்புக்கும் நடுவே துளிர் ஒன்று முளைக்கும். அதை வளரவிட்டால் செடி காடாகிவிடும், காய் சிறுத்துவிடும்.

"அந்தக் கக்கத்தில இருக்கு பாரு, அதைக் கிள்ளு. பூ இருக்கற கொம்பைத் தொடப்படாது, கேட்டியா?" என்பார் அப்பா. மூக்கில் இடிக்கிற துளிரைக்கூட அவர் கிள்ளமாட்டார். விரல் நீட்டிக் காட்டுவதோடு சரி. தாடி மார்பைத் தொட்டது, முடி காதை மூடியது. சுத்தச் சோம்பேறியாகிவிட்டார் என்று முடிவு கட்டினேன். செடியோடு சேர்த்து உங்களுக்கும் வெட்டிவிடட்டுமா என்று கேட்டதற்கு மட்டும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

துணி உலர்த்த வந்த பக்கத்து வீட்டு மாமி அலறினாள். "ஐயோ கஷ்டமே! கொழந்தை கையில கத்திரியைக் குடுத்து இப்படி மொட்டையடிக்க விட்டுட்டேளே!"

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. காய்க்காவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது.

"அவளுக்குத் தெரியும் மாமி. இருந்து பாருங்கோ" என்றார் அப்பா.

காய்த்தது. கொத்துக் கொத்தாக, கட்டிய குச்சி சாயும்படி காய்த்தது. முதல் பழத்தை அம்மாவிடம் கொடுத்தேன். வயிற்றில் தம்பியைச் சுமந்துகொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து, உப்புத் தொட்டுத் தின்றாள். ரசத்துக்கென்று மாமியும் கிண்ணத்தோடு வந்தாள். பெரிய பழங்களாகப் பொறுக்கிக் கொடுத்தேன். அப்பாவுக்கே வராத வேலை எனக்கு வரும் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தம்பி பிறந்ததும் அப்பா முடிவெட்டிக்கொண்டு வந்தார். நேரே மாடிக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்தார். என் பதவியைப் பறித்துவிட்டாரே என்று அன்று நான் சாப்பிடவில்லை.

மனைவி உண்டாகியிருக்கும்போது கணவன் முடிவெட்டிக்கொள்ளக் கூடாது, செடிகொடியை வெட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். அப்பாவோ இதையெல்லாம் வாய்விட்டுக் கேலி செய்கிறவர். ஆனால் எனக்கும் தம்பிக்கும் நடுவே அம்மாவுக்கு இரண்டு முறை கலைந்துபோயிருக்கிறது. அந்தத் தடவை, நம்பாத வழக்கத்தைக்கூட மீற அவருக்குத் துணிச்சல் வரவில்லை. இதைக் கேட்டு என் கர்வம் குறையவில்லை, அந்த நேரத்தில் என்னைத்தானே நம்பினார் என்று கூடித்தான் போயிற்று. பின்னால் கட்டியிருந்த அந்தக் கைகள் பயந்துபோயிருந்தன என்பது மட்டும் அதிகாரிக்கு அன்று தெரியாது.