காதோடு நின்ற கை

சர்க்கரை இருப்பவர்களுக்குத் தோள் இப்படி இறுகிப்போவது உண்டு என்று டாக்டர் சொன்னார். எனக்கு வலது தோள். கை காது வரைக்கும் வரும், அதற்கு மேல் ஏறாது. பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் வீட்டு முன்னறையிலேயே எங்களுக்கு டீயும் மளிகையும் விற்கிற ஒரு கடை. மேலே தொங்கும் ஷாம்பு சரத்தைக் கிழித்துக் கொடுக்க முடியாததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் தலையை நானே வார முடியாததுதான் பொறுக்கவில்லை.

வீட்டுக்காரர் வாரிவிட்டார். லாரிக்காரர்களிடம் வாய்ச்சண்டையில் தோற்காத மனிதர். கதவைச் சாத்திக்கொண்டு, என் முடியைத் தொட்டால் உடைந்துவிடும் என்பதுபோலப் பிடிப்பார். பின்னி முடித்தால் வைக்கோல் பிரி மாதிரி இருக்கும். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. போகப் போக எரிச்சல் வந்தது. இத்தனை வயசுக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க எனக்கு ஒப்பவில்லை. இனி சாகும்வரை இப்படித்தானோ என்ற பயமும் இருந்தது.

மாத்திரையோடு யோகாவும் செய்யச் சொல்லியிருந்தார் டாக்டர். அருப்புக்கோட்டையில் வகுப்பு நடந்தது.

"அதுக்குப் போயி டவுனுக்கு பஸ்ஸு ஏறணுமா? ஃபோன்ல இல்லாததா?" என்றார் இவர். அரிசி மூட்டைமேல் ஃபோனைச் சாய்த்து வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தும் கொண்டார்.

நைட்டிக்குமேல் துண்டு போட்டுக்கொண்டு யோகா செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். குனிந்தால் துண்டு விழும். நிமிர்ந்தால் வாசலில் "அக்கா, ஒரு தீப்பெட்டி" என்று குரல் வரும். கொடுத்துவிட்டு வருவதற்குள் ஃபோனில் இருக்கிற பெண் எல்லாவற்றையும் முடித்து, என் வெறும் பாய்க்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பெண் இடது கையில் ஆரம்பித்தாள். காலையில் முதல் போணியைச் சோற்றுக்கையில் தவிர வாங்காதவள் நான். நல்ல காரியத்தை யாராவது இடது கையில் தொடங்குவார்களா? தினமும் வலது கையைத்தான் முதலில் தூக்கினேன். விறைத்துக்கிடந்த தோள் சுருக்கென்று இழுக்கும். "ஸ்" என்பேன். எதிரே இவர் முகம் கோணிப்போகும்.

"போதும், போதும். எறக்கு."

"வலிக்கிறது உங்களுக்கா, எனக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான்."

கையை இறக்கிவிடுவேன். இடது கையின் முறை வருவதற்கு முன்பே பாயைச் சுருட்டிவிடுவோம். மாதக்கணக்கில் செய்தும் கை காதோடு நின்றது. கடைசியில் ஒருநாள் இவரிடம் சண்டை போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில். பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் விடியுமுன்பே ஓட ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் டீச்சரம்மா சொல்லிக்கொடுப்பார். என்னைவிடச் சின்னவர். அங்கேயும் நான் வலது கையைத்தான் முதலில் தூக்கினேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏக்கா, நல்ல கைய மொதல்ல தூக்குங்க. எம்புட்டுத் தூரம் போகணும்னு மத்த கைக்குத் தெரியட்டும்."

மனசே இல்லாமல் இடது கையைத் தூக்கினேன். அது சும்மா போய்விட்டு வந்தது. பிறகு வலதை எடுத்தபோது, காதருகே வந்து நின்றது. டீச்சரம்மா இறக்கவும் சொல்லவில்லை, ஏற்றவும் சொல்லவில்லை. "அங்கயே நின்னு மூச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். எனக்கு வலிப்பதைப் பற்றி அந்த மாடியில் யாருக்கும் கவலை இல்லை. அது எனக்கு எத்தனை நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் இவர் வருத்தப்படுவார்.

மழைக்காலம் தொடங்கிய சமயம், ஒரு காலையில் கை காதைத் தாண்டி உச்சந்தலையைத் தொட்டது. "ஐயோ அம்மா" என்று வாய்விட்டே கத்தினேன். தறிச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அழுகை வந்தது. சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை. சொல்ல வேண்டிய ஆள் பந்தல்குடியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும், "இங்க பாருங்க" என்று கூப்பிட்டு நிறுத்திக் கையைத் தூக்கினேன். காதோடு நின்றுவிட்டது. இவர் முகம் அதற்குள் கோணிவிட்டிருந்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் வலியைத் தாண்ட முடியாது.

"என் பின்னாடி வந்து நில்லுங்க. கண்ண மூடிக்கங்க."

"எதுக்கு?"

"நில்லுங்கன்னா."

வந்து நின்றார். நான் இடது கையை ஒருமுறை தூக்கி இறக்கினேன். பிறகு வலதை எடுத்தேன். காதருகே நின்று மூச்சு விட்டேன். ரோட்டில் ஒரு லாரி போய் ஓய்ந்தது. கை மெல்ல ஏறியது. உச்சந்தலையைத் தொட்டது. அங்கே நிற்காமல் பின்பக்கம் சாய்ந்தது. விரல்கள் அவர் மீசையில் பட்டு, கன்னத்துக்குப் போயின.

கன்னம் நனைந்திருந்தது.