சென்சாருக்கு நெற்றி எது

விஜயதசமி அன்று காலை, சிங்காநல்லூரில் ஒரு பம்புப் பட்டறை வாசலில் நின்று மூன்றாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்த என்னைப் பார்த்து வாட்ச்மேன், "ஏனுங்க, ஊட்டுக்காரம்மாளப் பிரசவத்துக்குச் சேத்திப்போட்டு வந்தாப்புல நடக்கறீங்க?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான். என்ன, என் கவலையெல்லாம் தீப்பெட்டியில் பாதி அளவுள்ள ஒரு சென்சார்மேல்.

அந்தப் பட்டறையில் டிராயிங் பார்த்து அளவு சொல்லும் வேலை ஒரு அம்மாவுடையது. கம்ப்யூட்டரில் டிராயிங்கைத் திறந்து, பெரிதாக்கி, எந்த இடத்தில் எவ்வளவு கடைய வேண்டும் என்று மிஷின்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு வருடமாக அவருக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். மவுஸைப் பிடித்தாலே முகம் சுருங்கிவிடும். முதலாளி நல்லவர்தான். "பேக்கிங் பக்கம் போயிருங்க அம்மணி, அங்க கம்ப்யூட்டர் தொல்லை இல்லீங்க" என்று தன்மையாகத்தான் சொன்னார். பெட்டிக்குக் கயிறு கட்ட அந்த விரல்களால் முடியுமா என்று யோசிக்கவில்லை.

"மொதலாளி எனக்குக் கதவத் தெறந்துதான் உட்டிருக்காருங்ணா. அது வெளிய போற கதவு," என்று அம்மா என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அங்கே வயரிங் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த எனக்கு அதற்குப் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. யாரிடமும் படித்தவனில்லை நான்; பிரித்துப் பார்த்துக் கற்றவன். கையசைவைக் கண்டுபிடிக்கும் சென்சார் ஒன்று வாங்கினேன். இரண்டு பேர் ஓட்டலில் மத்தியானம் சாப்பிடும் காசுதான். நடுவில் மிளகளவு ஒரு கருப்புக் கண். அதிலிருந்து நமக்குத் தெரியாத ஒளி கிளம்பி, கையில் பட்டுத் திரும்பி வரும். கை எந்தப் பக்கம் போகிறது என்று அதை வைத்துச் சொல்லிவிடும். வலப்பக்கம் வீசினால் அடுத்த டிராயிங். மேலே தூக்கினால் பெரிதாகும். எதையும் தொட வேண்டாம், விரலை மடக்கவும் வேண்டாம். மானிட்டருக்குக் கீழே ஒட்டிக்கொடுத்தேன்.

பத்து நாளில் அம்மாவுக்குப் பழகிவிட்டது. லேத்தில் நிற்பவர் விடுவாரா? "அம்மணி, கம்ப்யூட்டருக்குத் திருஷ்டி சுத்தறீங்களாக்கும்?" என்றார். "பட்டதே உங்க கண்ணுதானுங்க. இக்கட்ட வாங்க, உங்களுக்கும் சுத்திப்போடறேன்," என்றார் அம்மா. முதலாளிக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "விஜயதசமிக்கு மிஷினெல்லாம் போட்டு ஆரம்பிக்கறப்ப எம் முன்னால செஞ்சு காட்டுங்க. ஆச்சுன்னா அந்தச் சீட்டுலயே இருங்க. இல்லீன்னா பேக்கிங்தானுங்க."

அந்த முதலாளி இப்போது வந்துவிட்டார். லேத்தைத் தொட்டுக் கும்பிட்டு ஸ்விட்சைப் போட்டார். டிரில்லைப் போட்டார். கடைசியாகக் கம்ப்யூட்டர். அம்மா கையை வீசினார். திரை அசையவில்லை. இன்னொரு முறை வீசினார். ஒன்றுமில்லை.

வயரைப் பிடுங்கிச் செருகினேன். கூரைத் தகட்டின் ஓட்டை வழியாக வெயில் விழுகிறதோ என்று ஓர் அட்டையால் மறைத்துப் பார்த்தேன். ஒளி எவ்வளவு திரும்பி வருகிறது என்று சென்சார் சொல்லும் எண்ணைத் திரையில் வரவழைத்தால், அது உச்சத்தில் போய் நின்றுகொண்டு இறங்கவே மறுத்தது. எதிரில் யாரும் இல்லாதபோதும் ஒரு கை ஒட்டி நிற்பதாகவே அதற்கு நினைப்பு. எரிந்துபோய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். முதலாளி வாட்சைப் பார்த்தார். "செரி, உடுங்க," என்றார். அம்மா தன் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

கழற்றலாம் என்று குனிந்தபோதுதான் உறைத்தது. கருப்புக் கண் இருந்த இடத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கிளம்பிய ஒளி வாசலிலேயே பட்டுத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. முந்தைய நாள் ஆயுத பூஜை. பட்டறையில் ஸ்பானர் வரைக்கும் பொட்டு வைத்திருந்ததால், இதிலும் இருந்தது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை.

"யாருங்க இங்க வெச்சது?"

"நாந்தானுங்ணா," என்றார் அம்மா. "ஒவ்வொரு மிஷினுக்கும் நெத்தின்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா? இதுல நடுவுல கருப்பா இருந்துச்சு, அதுதான் நெத்தியாட்டம்னு நெனச்சுப்போட்டேன். மத்ததுக்கு வெச்சதவிட சித்தெப் பெருசாவே வெச்சேன்."

நான் துணியை எடுத்தேன். லேத்துக்காரர் என் கையைப் பிடித்துவிட்டார். "நல்ல நாளும் அதுவுமா பூசப் பொட்டத் துடைக்கறதாங்க? நாளைக்கிப் பாத்துக்கலாமுங்க."

நாளைக்கு யார் வந்து நின்று பார்ப்பார்கள்? முதலாளியைப் பார்த்தேன். துடைக்கச் சொல்ல அவருக்கும் மனசு வரவில்லை. துணியும் கையுமாக அங்குமிங்கும் திரும்பிக்கொண்டிருந்தேன்.

அம்மாதான் எழுந்தார். "துணியெல்லாம் வேண்டாமுங்க. நான் வெச்சது, நானே வாங்கிக்கறேன்." மடங்காத மோதிர விரலைத் தண்ணீரில் தொட்டு, பொட்டை நிதானமாக வழித்து எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். மிச்ச ஈரத்தை முந்தானை நுனியால் ஒற்றினார்.

திரையில் எண் சட்டென்று இறங்கியது. அம்மா கையை வீசினார். டிராயிங் மாறியது. மேலே தூக்கினார், பெரிதானது.

"அந்தப் பழைய பம்போட இம்பெல்லர் டிராயிங்க எடுங்க பாக்கலாம்," என்றார் முதலாளி. அது எங்கோ அடியில் கிடப்பது. அம்மா வீசினார், வீசினார், ஓரிடத்தில் தவறிப் பின்னால் போய், மறுபடி வந்து சரியாக நிறுத்தினார். முதலாளி குனிந்து அளவுகளைப் படித்தார். பேக்கிங் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

"உக்கார்ற சேரு தாழ இருக்குதுங்க," என்றார் என்னைப் பார்த்து. "நாளெல்லாம் கையத் தூக்குனா அம்மணிக்குத் தோள்பட்ட போயிரும். ஒசத்திக் குடுங்க."

அவர் பொரி கொடுக்கப் போனார். நான் ஸ்பானரைத் தேடி ஓடினேன்.